பள்ளி மாணவர்களோடு சிங்கப்பூர், காஞ்சனபுரி: போர்க்கள வரலாற்றுப் பயணத்துக்கான முகவர் சேவை, ஒரு மதிப்புரை

மாணவர்களை வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்வது வேலூர்ப் பக்கத்துப் பள்ளிகளுக்கு இப்போது புதிதன்று. கல்வியாண்டு தொடங்கிய சில வாரங்களிலேயே சென்னையிலிருந்து பயண நிறுவனங்களின் ஆட்கள் வண்ண விளம்பரத் தாள்களோடு தலைமையாசிரியர் அறைக்கு வந்துவிடுகிறார்கள். துபாய், சிங்கப்பூர், மலேசியா என்று அவர்கள் விரிக்கும் திட்டங்களில் கேளிக்கைப் பூங்காக்களும் பேரங்காடிகளும் இருக்கும், வரலாறு இருப்பதில்லை. காட்பாடிப் பகுதியில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியன் என்ற முறையில், இரண்டாம் உலகப் போர் நடந்த இடங்களை மட்டுமே மையமாக வைத்து ஒரு பயணத்தை ஏற்பாடு செய்து தர முடியுமா என்று எங்கள் பள்ளியின் சார்பில் சென்னை முகவர் ஒருவரிடம் கேட்டோம். அவர் ஒப்புக்கொண்டார், பயணமும் நல்லபடியாக முடிந்தது. அந்தச் சேவையில் எது நன்றாக இருந்தது, எது போதவில்லை, இதே எண்ணத்தில் இருக்கும் மற்றப் பள்ளிகள் எதைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். முகவரின் பெயரைத் தரவில்லை. நான் கண்ட குறைகள் அவருடைய நிறுவனத்துக்கு மட்டும் உரியவை அல்ல, வேறு நிறுவனங்களிடம் வாங்கிப் பார்த்த திட்டங்களிலும் அவை அப்படியே இருந்தன.

முதலில் எங்கே போவது என்பதே பெரிய கேள்வியாக இருந்தது. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூல் இரண்டு உலகப் போர்களையும் தொடக்கப் பாடங்களாகவே வைத்திருக்கிறது. எனவே பிரான்சில் உள்ள நெவ் ஷாப்பெல் இந்திய நினைவிடத்தைப் பற்றியும் யோசித்தோம். 1915 மார்ச்சில் இந்தியப் படைப்பிரிவுகள் பெரும் எண்ணிக்கையில் போரிட்ட அந்த இடத்தில், கல்லறை இல்லாமல் போன 4,700-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்களின் பெயர்களைத் தாங்கி 1927-இல் திறக்கப்பட்ட நினைவிடம் இருக்கிறது. ஆனால் ஷெங்கன் விசாவும் ஐரோப்பியச் செலவும் எங்கள் பெற்றோர்களால் தாங்கக்கூடியவை அல்ல. அதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் இருந்தது. மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களில் வட ஆர்க்காடும் ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் தாய்லாந்திலிருந்து (அன்றைய சயாம்) பர்மாவுக்குப் போட்ட சயாம் மரண ரயில்பாதையில் மடிந்த தோட்டத் தமிழர்களில் நம் தாலுகாக்களிலிருந்து போன குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆகவே சிங்கப்பூரையும், அந்தப் பாதை செல்லும் தாய்லாந்தின் காஞ்சனபுரியையும் இணைத்து ஒரே பயணமாகத் திட்டமிடச் சொன்னோம்.

ஆவண வேலைகளில் முகவரின் அலுவலகம் மிகச் சிறப்பாகச் செயல்பட்டது. இதை மனமாரச் சொல்கிறேன். பெரும்பாலான மாணவர்களிடம் பாஸ்போர்ட் இல்லை. வேலூர்த் தலைமை அஞ்சலகத்தில் உள்ள பாஸ்போர்ட் சேவை மையத்தில் முன்பதிவு நேரம் பெறுவது, பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் இருவரும் கையெழுத்திட்டுத் தர வேண்டிய உறுதிமொழிப் படிவத்தை நிரப்புவது, பிறப்புச் சான்றிதழில் ஒரு முன்னெழுத்தும் ஆதாரில் வேறு முன்னெழுத்தும் இருந்த பிள்ளைகளுக்கு முன்கூட்டியே திருத்தம் செய்ய வைப்பது என்று ஒவ்வொரு படியிலும் அவர்களுடைய ஊழியர் ஒருவர் பள்ளிக்கே வந்து உதவினார். தந்தை வளைகுடா நாட்டில் வேலை செய்யும் பிள்ளைகளுக்குக் கையெழுத்து வாங்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. அதையும் அவர் சலிக்காமல் செய்து முடித்தார். சிங்கப்பூருக்கு மின்விசா கட்டாயம் தேவை. தாய்லாந்தின் விசா விதிகளோ அடிக்கடி மாறுபவை. இரு நாடுகளுமே வருகை அட்டையை இணையத்தில் முன்னதாக நிரப்பச் சொல்கின்றன. இவை அனைத்தையும் பிள்ளைகளின் பெயர் வரிசைப்படி கோப்பாக்கி மீனம்பாக்கத்தில் எங்கள் கையில் கொடுத்தார்கள். குடிநுழைவு வரிசையில் ஒரு பிள்ளைகூடத் தடுத்து நிறுத்தப்படவில்லை.

பயணத் திட்டத்தில்தான் சிக்கல் தொடங்கியது. வரலாற்றுப் பயணம் என்று தெளிவாகக் கேட்டிருந்தும், முகவர் முதலில் அனுப்பிய நிகழ்ச்சி நிரலில் சென்டோசாவுக்கு ஒரு முழு நாளும், பாங்காக் சஃபாரி வேர்ல்டுக்கு ஒரு முழு நாளும், மிதவைச் சந்தைக்கு ஒரு காலைப் பொழுதும் ஒதுக்கப்பட்டிருந்தன. காஞ்சனபுரிக்குப் பாங்காக்கிலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்பும்படி எழுதியிருந்தார்கள். சாலை வழியாக ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 130 கிலோமீட்டர். பாங்காக்கின் போக்குவரத்து நெரிசலையும் சேர்த்தால் பகலின் பெரும்பகுதி பேருந்திலேயே கழியும். இதில் அந்த ரயில்பாதையின் ஆற்றுப் பாலத்தில் 'போட்டோ ஸ்டாப்', மதிய உணவு, நகைக் கல் விற்பனைக் கூடம் ஒன்றில் ஒரு மணி நேரம் என்று இருந்ததே தவிர, பாறையை வெட்டிப் பாதை போட்ட ஹெல்ஃபயர் கணவாயின் பெயரே இல்லை. போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு இருபது நிமிடம். ஆசியத் தொழிலாளர்களைப் பற்றி எங்கும் ஒரு சொல்கூட இல்லை.

இது எவ்வளவு பெரிய இடைவெளி என்பதைப் புரிந்துகொள்ள அந்த ரயில்பாதையின் கதையைக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். பர்மாவில் இருந்த தன் படைக்கு மலாக்கா நீரிணை வழியே கப்பலில் சரக்கு அனுப்புவது நேச நாடுகளின் நீர்மூழ்கிகளால் ஆபத்தானதாக மாறியபோது, ஜப்பானிய ராணுவம் தாய்லாந்தையும் பர்மாவையும் காட்டு வழியே இணைக்கும் 415 கிலோமீட்டர் ரயில்பாதையை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. 1944-இல் இம்பாலையும் கோகிமாவையும் நோக்கிப் படை நடத்திய அந்த ராணுவத்துக்கு உணவும் வெடிமருந்தும் கொண்டு செல்வதற்கான பாதை அது. இந்தியாவை நோக்கிப் போடப்பட்ட பாதை என்றே சொல்லலாம். பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, டச்சுப் போர்க் கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அங்கே வேலை வாங்கப்பட்டு, அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000-க்கும் மேல். அவர்களில் இறந்தவர்கள் ஏறத்தாழ 90,000 என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். நல்ல கூலி, குறுகிய கால ஒப்பந்தம் என்று ஆசை காட்டி முதலில் அழைத்தார்கள்; ஆள் சேராதபோது தோட்டங்களிலிருந்து வலுக்கட்டாயமாக இழுத்துச் சென்றார்கள். 1943-இன் மழைக்காலத்தில் பரவிய காலரா அவர்களின் குடிசை முகாம்களை முழுமுழுதாக அழித்தது. போர்க் கைதிகளிடையே மருத்துவர்கள் இருந்தனர். யார் எந்த நாளில் இறந்தார், எங்கே புதைக்கப்பட்டார் என்று மறைவாகக் குறித்து வைத்த அதிகாரிகளும் இருந்தனர். தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவரும் இல்லை, பெயரெழுத ஆளும் இல்லை. இன்று காஞ்சனபுரிக் கல்லறைத் தோட்டத்தில் கிட்டத்தட்ட 7,000 கல்லறைகள் பெயரோடும் வயதோடும் வரிசையாக நிற்பதற்கும், நம்மவர்களில் ஒருவருக்குக்கூட அங்கே கல் இல்லாததற்கும் காரணம் இதுதான்.

நிகழ்ச்சி நிரலில் இருபது நிமிடம் என்று எழுதியவருக்கு இவையெல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் தெரிந்த ஒருவர் சொல்லும்போது மாற்றித் தர வேண்டும். முகவர் மாற்றித் தந்தார். மூன்று முறை கடிதம் எழுத வேண்டியிருந்தாலும், கடைசியில் சஃபாரியும் மிதவைச் சந்தையும் நீங்கி, காஞ்சனபுரியிலேயே இரவு தங்கல் வந்தது. நகைக் கல் கூடம் மட்டும் 'கழிவறை வசதிக்காக' என்ற பெயரில் உயிரோடு இருந்தது. அங்கே பேருந்து நின்றபோது பிள்ளைகளை இறங்க விடாமல் நேரே அடுத்த இடத்துக்குப் போகச் சொன்னேன். உள்ளூர் வழிகாட்டியின் முகம் வாடிவிட்டது. இத்தகைய நிறுத்தங்களிலிருந்து அவர்களுக்குக் கிடைக்கும் கமிஷன்தான் காரணம் என்பதை எல்லோரும் அறிவார்கள். அவருடைய ஊதியத்தை முகவர் முறையாகக் கொடுத்துவிட்டால் இந்தத் தேவை எழாது. பள்ளிகள் இதை ஒப்பந்தத்தில் எழுத்து வடிவில் கேட்க வேண்டும்.

காஞ்சனபுரியில் இரவு தங்கியதன் பலன் மறுநாள் காலையிலேயே தெரிந்தது. ரயில் நிலையத்துக்கு அருகிலேயே கல்லறைத் தோட்டமும், அதை ஒட்டித் தாய்லாந்து–பர்மா ரயில்வே மையம் என்ற அருங்காட்சியகமும் இருக்கின்றன. இந்த அருங்காட்சியகத்தை எந்தப் பள்ளிக்கும் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன். பாதை ஏன் போடப்பட்டது, எந்த வழியே போனது, எந்த முகாமில் என்ன நோய், யார் எவ்வளவு பேர் என்பதை மாதிரி வடிவங்களாலும் வரைபடங்களாலும் படிப்படியாகச் சொல்கிறார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவை ஒதுக்கி வைக்காமல் கணக்கில் சேர்த்துக் காட்டுகிறார்கள். மேல்தளத்தின் சன்னலிலிருந்து பார்த்தால் கல்லறைத் தோட்டம் முழுவதும் கண்ணில் படும். பார்த்து முடித்த பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து குறிப்பெடுக்க நேரம் கொடுத்துவிட்டு, அதன் பிறகே தோட்டத்துக்குள் அழைத்துச் சென்றோம். வரிசை மாறிப் போனால், அதாவது கல்லறைகளை முதலில் காட்டினால், பிள்ளைகளுக்கு அது ஒரு பூங்காவாகவே தெரியும். அவ்வளவு அழகாகப் பராமரிக்கிறார்கள்.

தோட்டத்துக்குள் ஒரு சங்கடம் நேர்ந்தது. முகவர் நிறுவனத்தின் டூர் மேனேஜர், ஒவ்வோர் இடத்திலும் செய்வதுபோல, நிறுவனத்தின் பெயர் பொறித்த பேனரை எடுத்து நினைவுச் சிலுவையின் முன் விரித்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்கச் சொன்னார். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் இறந்தவர்களின் கற்களுக்கு நடுவே அது கூடாது என்று அவரைத் தனியே அழைத்துச் சொன்னேன். அவர் நல்ல இளைஞர். உடனே சுருட்டி வைத்துவிட்டார், பிறகு எந்த நினைவிடத்திலும் எடுக்கவில்லை. ஆனால் போர் நினைவிடங்களுக்குப் பள்ளிக் குழுவை அனுப்பும் நிறுவனம் தன் ஊழியருக்கு இதை முன்பே சொல்லி அனுப்ப வேண்டாமா?

பழைய பாதையில் இன்றும் ஓடும் ரயிலில் 'நாம் தோக்' என்ற நிலையம் வரை போவதை எந்தத் திட்டத்திலும் விடக்கூடாது. கட்டணம் சொற்பம், மூன்றாம் வகுப்பு மரப் பலகை இருக்கைகள், திறந்த சன்னல்கள். தாம் கிராசே என்ற இடத்தில் பாதை, குவே நொய் ஆற்றின் மேல் செங்குத்தான பாறையை ஒட்டி மரத் தூண்களின் மீது வளைந்து செல்கிறது. ரயில் நடை வேகத்துக்குக் குறைகிறது. தண்டவாளத்துக்கு அடியில் மரங்கள் நெறிபடும் ஓசை கேட்கிறது. ஒரு பக்கம் கை நீட்டினால் தொட்டுவிடலாம் என்னும்படி பாறை, அதில் துளையிட்ட தடங்கள். மறுபக்கம் நேர் கீழே ஆறு. அதுவரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்த பிள்ளைகள், இந்தத் தூண்களை யார் தூக்கி நிறுத்தினார்கள் என்று கேட்கத் தொடங்கினார்கள். வகுப்பறையில் ஒரு வாரம் நடத்தினாலும் அந்தக் கேள்வியை வரவழைத்திருக்க முடியாது. இந்த ரயில் நேரத்துக்கு வருவதில்லை என்பதை முகவர் அறிந்திருந்தார். நாம் தோக்கில் பேருந்தை நெடுநேரம் காத்திருக்கச் செய்திருந்தார். இதைப் போன்ற நடைமுறைக் கவனங்களில் அவர்களுடைய அனுபவம் உண்மையிலேயே பயன்பட்டது.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஹெல்ஃபயர் கணவாய். சுண்ணாம்புப் பாறையை ஏறத்தாழ 75 மீட்டர் நீளத்துக்கும் 25 மீட்டர் ஆழத்துக்கும் வெட்டிப் பிளந்து பாதை போட்ட இடம். சுத்தியலும் உளிக்கம்பியும் கொண்டு கையால் துளையிட்டு, வெடி வைத்து, சிதறிய கல்லைக் கூடைகளில் சுமந்து கொட்டியிருக்கிறார்கள். 1943-இல் வேலையை விரைவுபடுத்த இரவிலும் தீப்பந்த வெளிச்சத்தில் வேலை வாங்கியபோது எலும்பும் தோலுமான மனிதர்களின் நிழல் பாறையில் ஆடியதைப் பார்த்துத்தான் கைதிகள் நரகத் தீ என்ற பொருளில் அப்பெயரை வைத்தார்கள். ஆஸ்திரேலிய அரசு நடத்தும் விளக்க மையம் மேலே இருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை. காதில் மாட்டிக்கொண்டு நடக்கும் ஒலி வழிகாட்டிக் கருவி தருகிறார்கள். அந்தச் சேவையின் தரம் உயர்ந்தது; உயிர் பிழைத்தவர்களின் குரலையே கேட்கலாம். எங்களுக்குக் கிடைத்த கருவியில் தமிழ் இல்லை. ஆஸ்திரேலிய ஆங்கிலத்தின் ஓட்டத்தைப் பின்தொடரத் தமிழ்வழி மாணவர்கள் சிரமப்பட்டார்கள். அதனால் முன்கூட்டியே நான் தயாரித்து எடுத்துச் சென்ற தமிழ்க் குறிப்புத் தாள்களை ஒவ்வொரு நிறுத்தத்திலும் வாசிக்கச் செய்தோம். தமிழ்வழிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பள்ளிகள் இதைச் செய்தே ஆக வேண்டும். படிக்கட்டுகள் நிறைய, கால்வலி உள்ள ஆசிரியர்கள் மையத்திலேயே இருந்துவிடுவது நல்லது.

தாய்லாந்து வழிகாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பண்பானவர், நேரம் தவறாதவர், நல்ல ஆங்கிலம். ஆனால் பாலத்தின் மேல் நின்று அவர் பிள்ளைகளுக்குச் சொன்னதெல்லாம் ஒரு பழைய ஆங்கிலத் திரைப்படத்தின் கதையே. வளைந்த வடிவ இரும்புத் தளங்கள் ஜாவாவிலிருந்து ஜப்பானியரால் கொண்டுவரப்பட்ட பழையவை, நடுவில் உள்ள நேர்கோட்டு வடிவத் தளங்கள் குண்டுவீச்சில் உடைந்தவற்றுக்குப் பதிலாகப் போருக்குப் பின் வைக்கப்பட்டவை என்ற எளிய செய்தியைக்கூட அவர் சொல்லவில்லை; பிள்ளைகளை நானே நிறுத்தி இரண்டின் வடிவத்தையும் ஒப்பிடச் சொன்னேன். தமிழர்களைப் பற்றிக் கேட்டபோது, இந்தியத் தொழிலாளர்களும் இருந்தார்கள் என்று ஒரே வாக்கியத்தில் முடித்துக்கொண்டார். நகரின் நடுவே வாட் தாவோர்ன் பௌத்த ஆலய வளாகத்தில் ஆசியத் தொழிலாளர்களுக்கான நினைவிடம் இருக்கிறது. அதற்கு அழைத்துப் போகும்படி திட்டத்தில் எழுதி வாங்கியிருந்தும், இதுவரை எந்தக் குழுவும் கேட்டதில்லை என்று சொல்லி ஓட்டுநரிடம் வழி விசாரித்துத்தான் கூட்டிப் போனார். கல்லறைத் தோட்டத்திலிருந்து அது தொலைவில் இல்லை. அங்கே பிள்ளைகள் எந்தத் தூண்டுதலும் இன்றிச் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். எங்களோடு வந்த தமிழாசிரியை ஊரிலிருந்து எடுத்து வந்த விபூதியையும் கற்பூரத்தையும், ஆலயத்தாரிடம் அனுமதி கேட்டுப் பெற்று, அங்கே வைத்தார். பயணம் முழுவதிலும் நான் மிகவும் மதிக்கும் நேரம் அதுதான். எந்த முகவரின் நிரலிலும் அது தானாக வந்து சேராது.

சிங்கப்பூரில் நிலைமை எவ்வளவோ மேல். அங்கே முகவர் ஏற்பாடு செய்திருந்த வழிகாட்டி தமிழர். 1942 பிப்ரவரி 15 அன்று பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் ஜப்பானியத் தளபதி யமஷிதாவிடம் சரணடைந்த பழைய ஃபோர்டு தொழிற்சாலைக் கட்டடத்தில், அந்த அறையின் வாசலில் நிறுத்தி, மலாயா முழுவதும் எழுபதே நாளில் எப்படிக் கைவிட்டுப் போனது என்பதை அழகான தமிழில் விளக்கினார். முதலில் இந்தக் கூடத்தை அது மூடியிருக்கும் கிழமையில் போட்டிருந்தார்கள். புறப்படுவதற்கு முன் அந்த வழிகாட்டியே கவனித்து மாற்றச் சொல்லியிருக்கிறார். ஆக்கிரமிப்புக் காலத்து ரேஷன், பஞ்சம், சீனர் படுகொலை ஆகியவற்றை அந்தக் கூடம் ஒளிக்காமல் காட்டுகிறது. ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே உள்ள பிள்ளைகளை அழைத்துச் செல்வதாயிருந்தால் முன்தயாரிப்பு தேவை.

கிராஞ்சி போர்க் கல்லறைத் தோட்டத்துக்கு அரை நாள் ஒதுக்கச் சொல்லி வாங்கியிருந்தோம். மேட்டின் உச்சியில், விமானத்தின் இறக்கையைப் போன்ற கூரையோடு நிற்கும் நினைவிடத்தின் சுவர்களில், கல்லறை இல்லாத 24,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களில் இந்தியப் படையினர் மிகுதி. இங்கே பள்ளிகளுக்குப் பயன்படும் ஒரு வழியைச் சொல்கிறேன். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் பல இந்திய வீரர்களுக்குத் தந்தை பெயரும் ஊரும் மாவட்டமும் குறிக்கப்பட்டுள்ளன. கூடுதல் விவரம் என்ற தேடல் கட்டத்தில் வட ஆர்க்காடு என்று அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலில் இட்டுத் தேடினால் நம் மாவட்டத்து வீரர்களின் பெயர்கள் வரும். எந்த நினைவிடம், எந்தத் தூண் என்பதும் அதிலேயே இருக்கும். கம்மவான்பேட்டை போன்று வீட்டுக்கு ஒருவர் ராணுவத்தில் இருக்கும் ஊர்கள் நிறைந்த பகுதி இது; எங்கள் மாணவர்களில் பலருக்குத் தாத்தாவோ மாமாவோ பட்டாளத்துக்காரர். புறப்படுவதற்கு முன்பே பிள்ளைகள் தேடி எடுத்த பட்டியலை அச்சிட்டு ஆளுக்கொரு பெயராகக் கொடுத்திருந்தோம். கிராஞ்சியில் அவரவர் பெயரைத் தூண் எண்ணைப் பார்த்துத் தேடினார்கள். குடியாத்தம் பக்கத்துப் பெண் ஒருத்தி தனக்குரிய பெயரைக் கண்டதும் விரலால் எழுத்து எழுத்தாகத் தடவிப் படித்தாள். பிறகு தாளில் பென்சிலால் தேய்த்துப் படி எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். கல்லுக்குக் கேடு வரக்கூடாது என்பதால் படம் மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னோம். நினைவிடத்தின் பின்புறம், தம் சமய வழக்கப்படி எரியூட்டப்பட்ட இந்தியப் படையினர் கிட்டத்தட்ட 800 பேருக்கான தனி நினைவுச் சின்னம் உண்டு. வழிகாட்டிகள் பலர் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். கேட்டுப் பார்க்க வேண்டும்.

மதிய உணவு சிராங்கூன் சாலையில். உணவு விடுதியிலிருந்து நடந்தே போகக்கூடிய தொலைவில் ஃபேரர் பார்க் இருக்கிறது. சரணடைந்த இரண்டு நாள் கழித்து, 1942 பிப்ரவரி 17 அன்று, 40,000-க்கும் மேற்பட்ட இந்தியப் படையினரை ஒன்றுகூட்டிப் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் ஒப்படைத்த இடம் அது. இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது. முகவரின் திட்டத்தில் அந்தச் சாலையும் அந்த உணவு விடுதியும் இருந்தன, இந்த இடம் இல்லை. சொன்னதும் வழிகாட்டி மகிழ்ச்சியோடு சேர்த்துக்கொண்டார். 1943 ஜூலை 5 அன்று நேதாஜி அணிவகுப்பைப் பார்வையிட்ட படாங் திடலையும், அருகே எஸ்பிளனேடு பூங்காவில் இடிக்கப்பட்ட ஐ.என்.ஏ. நினைவுச் சின்னம் இருந்த இடத்தைக் குறிக்கும் பலகையையும் மாலையில் பார்த்தோம். அங்கேதான் பதினோராம் வகுப்பு மாணவன் ஒருவன், தோட்டத் தமிழர்களைச் சயாமுக்கு இழுத்துப் போன அதே ஜப்பானியர்தாம் தோட்டத் தமிழர்கள் சேர்ந்த இந்திய தேசிய ராணுவத்துக்கும் துணை நின்றார்கள் என்றால் நாம் எதை எடுத்துக்கொள்வது என்று கேட்டான். இரண்டும் உண்மை, இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்று சொல்லி, விடுதிக்குத் திரும்பிய பின் நெடுநேரம் பேசினோம். இப்படிப் பேச மாலைகளைக் காலியாக வைத்திருக்க வேண்டும். முகவர்களோ மாலைதோறும் ஒரு விளக்கொளிக் காட்சியைச் செருகி அதற்கொரு கட்டணமும் வைக்கிறார்கள்; அவற்றை நீக்கச் சொன்னால் கட்டணமும் குறைகிறது.

உணவும் தங்குமிடமும் குறை சொல்லும்படி இல்லை. ஆம்பூர், பேரணாம்பட்டுப் பிள்ளைகளுக்கு ஹலால் உணவு இரு நாடுகளிலும் முறையாகக் கிடைத்தது. சைவப் பிள்ளைகளுக்குத்தான் காஞ்சனபுரியில் சிரமம். காய்கறிக் குழம்பிலும் மீன் சாறு ஊற்றிவிடுகிறார்கள். புளியோதரைப் பொடியும் ஊறுகாயும் எடுத்துச் சென்றது கைகொடுத்தது. மாணவியருக்குத் தனித் தளம், பெண் ஆசிரியர்களுக்கு அதே தளத்தில் அறை என்று கேட்டபடியே செய்திருந்தார்கள்.

கட்டணம் ஒரு மாணவருக்கு ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் ஆனது. முதலில் சொன்ன தொகையில் ஜி.எஸ்.டி.யும், வெளிநாட்டுப் பயணத் தொகுப்புக்கு மூலத்தில் வசூலிக்கும் வரியும் சேர்க்கப்படவில்லை. இரண்டாவது வரியைப் பெற்றோர் வருமான வரிக் கணக்கில் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்பதையும், அதற்கு யாருடைய பான் எண்ணில் ரசீது போட வேண்டும் என்பதையும் முகவர் தாமாகச் சொல்லவில்லை. எங்கள் கணக்கர் எழுப்பிய பிறகே ரசீதுகள் பெற்றோர் பெயருக்கு மாற்றப்பட்டன. வசதியில்லாத சில பிள்ளைகளின் செலவை முன்னாள் மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள்.

புறப்படும் முன் பிள்ளைகளை வேலூர்க் கோட்டைக்கு அழைத்துச் சென்றதும் இந்தப் பயணத்தின் பகுதியே. அதற்கு எந்த முகவரும் தேவையில்லை. 1806 ஜூலை 10 புரட்சியில் மாண்ட ஆங்கிலேயப் படையினருக்குக் கோட்டைக்கு அருகில் பழைய கல்லறைத் தோட்டத்தில் நினைவுக் கல் உண்டு; கோட்டைக்குள் சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்ட சிப்பாய்களுக்குக் கல்லறை கிடையாது. யாருக்குக் கல் இருக்கிறது, யாருக்கு இல்லை, ஏன் என்று கேட்கும் பழக்கத்தை அங்கேயே ஏற்படுத்தியதால்தான் காஞ்சனபுரியில் அவர்கள் கண்கள் தேட வேண்டியதைத் தேடின. லாங் பஜார் மணிக்கூண்டில் முதல் உலகப் போருக்குப் போனவர்களைப் பற்றிய கல்வெட்டையும் அன்றே படிக்கச் செய்தோம். பல பிள்ளைகள் தினமும் கடந்து போகும் வழி அது.

இதே முகவரிடம் மறுபடியும் போவேனா என்று மற்றப் பள்ளி ஆசிரியர்கள் கேட்கிறார்கள். விமானச் சீட்டு, விசா, விடுதி, பேருந்து, சிங்கப்பூர் வழிகாட்டி ஆகியவற்றுக்கு நிச்சயமாகப் போவேன். எந்த இடத்தில் எத்தனை மணி நேரம் என்பதையும், காஞ்சனபுரியில் பேசப்போகிறவர் யார் என்பதையும் நானே முடிவு செய்துகொண்டு போவேன். அங்கே ரயில்வே மையத்தையே முன்கூட்டித் தொடர்புகொண்டு விளக்கவுரை கேட்கலாம் என்று எண்ணியிருக்கிறேன்.

காலத்தைப் பொறுத்தவரை, காலாண்டு விடுமுறை காஞ்சனபுரிக்கு ஏற்றதன்று. மழையில் கணவாயின் படிகள் வழுக்கும். நவம்பர் இறுதியிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை பாலத்தில் ஒளி ஒலித் திருவிழா நடப்பதால் விடுதிகள் நிரம்பிவிடும். ஏப்ரல் நடுவில் அவர்களுடைய புத்தாண்டு. அரையாண்டு விடுமுறையில் கட்டணம் கூடுதலானாலும் வெயில் தணிந்திருக்கும். நாங்கள் அதைத்தான் தேர்ந்தெடுத்தோம். அதற்குப் பாஸ்போர்ட் வேலையை ஜூன் மாதத்திலேயே தொடங்கிவிட வேண்டும். முன்பணம் கட்டும் நாளில், கடை நிறுத்தங்கள் இல்லை, நினைவிடங்களில் பேனர் இல்லை, ஹெல்ஃபயர் கணவாயும் வாட் தாவோர்னும் கட்டாயம் என்ற வரிகள் உள்ள தாளில் முகவரின் கையெழுத்தையும் முத்திரையையும் வாங்கிக்கொண்ட பிறகே காசோலையைக் கொடுக்க வேண்டும்.